எட்வர்ட் லியர் வரைந்த மாமல்லபுரம்: படத்தின் மேலேயே ஏன் இத்தனை எழுத்து?

குடந்தைக் கிறுக்கன்

வணக்கம் நண்பர்களே. நீர்வண்ணத்தில் கோயில் கட்டடங்கள் வரையப் பழகிக்கொண்டிருக்கிறேன். அதற்காகப் பழைய படங்களைத் தேடிக்கொண்டிருந்தபோது ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் ஹோட்டன் நூலகச் சேமிப்பு கண்ணில் பட்டது. மாமல்லபுரம், காஞ்சிபுரம், திருச்சி, தஞ்சாவூர் என்று நம் ஊர்ப் படங்கள், எல்லாம் 1874ஆம் வருடத்தவை, வரைந்தவர் எட்வர்ட் லியர் என்று போட்டிருக்கிறது. பள்ளியில் லிமெரிக் என்று ஐந்து வரிக் கிறுக்குப் பாட்டு படித்தோமே, தாடிக்குள் ஆந்தையும் கோழியும் கூடு கட்டிய கிழவர், அதை எழுதிய லியர்தானா இவர்? பெயர் ஒற்றுமையா?

எனக்குப் பெரிய குழப்பம் படங்களைப் பற்றித்தான். பாதியில் விட்டது மாதிரி இருக்கின்றன. அடியில் பென்சில் கோடு தெரிகிறது, அதன் மேல் பழுப்பு மையில் இன்னொரு கோடு, அதற்கு மேல் தண்ணீராய்க் கொஞ்சம் நிறம், அவ்வளவுதான். வானத்திலும் மரத்திலும் குட்டிக் குட்டியாக ஏதோ எழுதிவைத்திருக்கிறார், மூலையில் ஒரு எண், தேதி, மணி நேரம்கூட இருக்கிறது. இது முடிக்காத வேலையா, இல்லை அந்தக் காலத்து நீர்வண்ணமே இப்படித்தானா? அப்புறம் இந்த மனிதர் எந்த வேலையாக இங்கே வந்தார்? ராணுவமா, சர்வேயா?

---

பழைய அச்சகம்

அவரேதான். பாட்டால்தான் உலகம் நினைவில் வைத்திருக்கிறது, ஆனால் சோறு போட்ட தொழில் ஓவியம். தன் பயணப் புத்தகங்களின் தலைப்பிலேயே நிலக்காட்சி ஓவியர் என்றுதான் தன்னைச் சொல்லிக்கொண்டார். ராணுவமும் இல்லை சர்வேயும் இல்லை, எந்தக் கம்பெனியிலும் சம்பளம் வாங்கியவர் இல்லை.

நீங்கள் பார்த்தவை விற்பதற்காக வரைந்தவை அல்ல. அவருடைய கைச்சரக்கு, மூலப்பொருள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முறை இதுதான்: இடத்தில் உட்கார்ந்து பென்சிலில் வேகமாகக் கோடு போடுவார், எந்தப் பாறை என்ன நிறம், எந்த மரம் என்ன மரம், நிழல் எங்கே விழுகிறது என்று அந்தந்த இடத்திலேயே எழுதிவிடுவார், ஊர் பெயர், தேதி, நேரம், அந்தப் பயணத்தின் வரிசை எண் எல்லாவற்றையும் மூலையில் குறிப்பார். நிறமும் மையும் பெரும்பாலும் பிறகு வந்தவை. விடுதியிலோ குளிர்காலத்தில் வீட்டிலோ உட்கார்ந்து, அழிந்துபோகக்கூடிய பென்சில் கோட்டின் மேலும் எழுத்தின் மேலும் செப்பியா மையை ஓட்டி, குறிப்பைப் படித்துப் படித்து நிறம் பூசுவார். அதனால்தான் உங்களுக்கு ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று அடுக்கு தெரிகிறது. எழுத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், ஆங்கிலத்தில் பாறைகள் (rocks) என்பதை வேண்டுமென்றே தப்பும் தவறுமாக எக்ஸ் போட்டு ‘rox’ என்று எழுதியிருப்பார். வெயிலில் தனியாக உட்கார்ந்திருக்கும்போதும் அந்தக் கிறுக்குத்தனம் கையைவிட்டுப் போகவில்லை.

நேரத்தை ஏன் எழுதினார் என்பது நீர்வண்ணம் பழகுபவருக்குச் சொல்லாமலே புரியும். காலை ஆறு மணி நிழலும் மாலை ஐந்து மணி நிழலும் ஒன்றல்ல, ஆறு மாதம் கழித்து இத்தாலியில் உட்கார்ந்து நிறம் போடுகிற ஆளுக்கு அந்த ஒரு வரி இல்லையென்றால் வெளிச்சம் எந்தப் பக்கம் என்பதே போய்விடும்.

இந்தத் தாள்களை வைத்துக்கொண்டு என்ன செய்தார் என்றால், யாராவது தஞ்சாவூர் வேண்டும், கெய்ரோ வேண்டும் என்று கேட்டால் இதைப் பார்த்து ஒரு முழு நீர்வண்ணமோ எண்ணெய்ச் சித்திரமோ செய்து கொடுப்பார். யாரும் கேட்காத நாளும் உண்டு. 1860களில் கையில் காசில்லாமல் சின்ன அளவு நீர்வண்ணங்களை மொத்தமாகச் செய்ய ஆரம்பித்தார். பல டஜன் தாள்களை அடுக்கி வைத்து, கல்யாணப் பந்தியில் இலை இலையாகப் பரிமாறிக்கொண்டு போகிற மாதிரி எல்லாத் தாளிலும் ஒரு நிறம், பிறகு திரும்ப வந்து அடுத்த நிறம். அவற்றுக்கு அவரே வைத்த பெயர் ‘கொடுங்கோலர்கள்’. அந்தப் பெயரிலேயே அந்த வேலை அவருக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்பது தெரிகிறது.

என் சொந்தக் கருத்து, சண்டைக்கு வரவேண்டாம்: விற்பதற்காக முடித்த படங்களைவிட இந்தக் குறிப்புத் தாள்கள்தான் அவருடைய உண்மையான சாதனை. முடித்த படங்களில் பல செத்துக் கிடக்கின்றன.

---

லண்டன் தூறல்

மேலே சொன்னவர் தொழிலைச் சொல்லிவிட்டார், நான் ஆளைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். ஏனென்றால் இந்த மனிதர் ஏன் வாழ்நாள் முழுக்க ஊர் ஊராக அலைந்தார் என்பது அவர் உடம்பையும் பணப்பையையும் தெரிந்துகொண்டால்தான் புரியும்.

1812 மே 12, லண்டனில் ஹாலோவேயில் பிறந்தார். இருபதுக்கும் மேல் பிள்ளைகள் பெற்ற குடும்பம், இவர் கடைசிகளில் ஒருவர். அப்பா பங்குச் சந்தைத் தரகர், நொடித்துப் போனார். வளர்த்தது இருபத்தோரு வயது மூத்த அக்கா ஆன். ஐந்தாறு வயதிலிருந்தே வலிப்பு நோய். அந்தக் காலத்தில் அது வெளியே தெரிந்தால் அவமானம், அதனால் கடைசிவரை மறைத்தார். வரப்போகிறது என்பது முன்கூட்டியே உடம்புக்குத் தெரிந்துவிடும், சட்டென்று அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். நாட்குறிப்பில் மட்டும் ஒரு பெருக்கல் குறி. நெருங்கிய நண்பர்களுக்கே தெரியாது. இது போக ஆஸ்துமா, கிட்டப்பார்வை, அடிக்கடி வந்து அமுக்குகிற மனச்சோர்வு.

பதினெட்டு வயதில் லண்டன் விலங்குக் காட்சிச்சாலைக்குப் போய் உயிருள்ள கிளிகளை வரைய ஆரம்பித்தார். அதுவரைக்கும் பறவை ஓவியர்கள் பலர் பஞ்சு அடைத்த பறவையைத்தான் பார்த்து வரைந்தார்கள், இவர் காவலாளை விட்டுக் கிளியைப் பிடிக்கச் சொல்லி அளவெடுத்தார். தானே கல்லச்சுக் கல்லில் வரைந்து, சந்தாதாரர்கள் சேர்த்து, 1830இலிருந்து 1832க்குள் 42 படங்கள் வெளியிட்டார். லியர் மக்கா என்று ஒரு நீலக் கிளி இன்றும் அவர் பெயரில் இருக்கிறது. பிரேசிலில் அந்தக் கிளி காட்டில் எங்கே வாழ்கிறது என்று 1978இல்தான் கண்டுபிடித்தார்கள், அவர் வரைந்து நூற்று நாற்பது வருடத்துக்கு அப்புறம்!

பிறகு டார்பி பிரபுவின் நோஸ்லி மாளிகையில் இருந்த மிருகங்களை வரையப் போனார். அந்த வீட்டுக் குழந்தைகளைச் சிரிக்க வைக்கத்தான் லிமெரிக் எல்லாம். ஆனால் பறவையின் இறகு இறகாக வரைந்து கண் போய்விட்டது. இனிமேல் நெருப்புக்கோழியைவிடச் சின்னப் பறவை எதுவும் என்னால் முடியாது என்று 1836இல் கடிதம் எழுதினார். லண்டன் குளிரும் நெஞ்சுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. டார்பி பிரபு பணம் கொடுக்க 1837இல் ரோமுக்குக் கிளம்பினார். அத்தோடு பறவை முடிந்தது, நிலக்காட்சி ஆரம்பம். இங்கிலாந்துக்கு வந்து வந்து போனாரே தவிர நிரந்தரமாகத் தங்கவில்லை.

1846இல் விக்டோரியா ராணிக்கே படம் வரையச் சொல்லிக்கொடுத்தார், பன்னிரண்டு பாடம். ராணியும் நன்றாகச் சொல்லித்தருகிறார் என்று நாட்குறிப்பில் எழுதினார். அதனால் வருமானம் ஏதும் நிலைத்ததா என்றால் இல்லை. லெபனான் தேவதாரு மரங்களைப் பெரிய எண்ணெய்ச் சித்திரமாக வரைந்து 1861இல் 700 கினி (ஒரு கினி என்பது ஒரு பவுண்டுக்குச் சற்று மேல்) விலை சொன்னார், பல வருடம் யாரும் தொடவில்லை, கடைசியில் 200 பவுண்டுக்குப் போனது. இதில் வேடிக்கை, அந்தப் படத்துக்கு மரங்களைப் பார்த்து வரைந்தது லெபனானில் மட்டும் இல்லை, இங்கிலாந்தில் வால்டன் பக்கம் ஒரு ஹோட்டல் தோட்டத்திலும் தேவதாரு வளர்ந்திருந்தது, அங்கேயே அறை எடுத்துத் தங்கி வரைந்தார்.

---

நேர்ப்பேச்சு

எல்லாரும் ரொம்ப உருகுகிறீர்கள். என் கண்ணுக்கு அவர் ஒரு வசதியான சுற்றுலாப் பயணி. இந்தியாவுக்கு எப்படி வந்தார்? வைஸ்ராய் நார்த்புரூக் பழைய சிநேகிதர், அவர் அழைப்பில் வந்தார். பட்லர், பங்களா, அதிகாரிகள் வீட்டு விருந்து. 1873 நவம்பரில் பம்பாயில் இறங்கி 1875 ஜனவரியில் கப்பலேறிவிட்டார். இந்தப் பதினாலு மாதத்தில் லக்னோ, கல்கத்தா, டார்ஜிலிங், ஆக்ரா, டெல்லி, சிம்லா, பூனா, ஹைதராபாத், சென்னை, நீலகிரி, மலபார், இலங்கை என்று ஓடினால் எந்த இடத்தைத்தான் பார்த்திருக்க முடியும்? அவருக்கு எண்பது வருடம் முன்னால் தாமஸ் டேனியல் என்ற ஆங்கில ஓவியரும் அவர் சகோதரர் மகன் வில்லியமும் வந்தார்களே, 1786இல் தொடங்கி ஏழெட்டு வருடம் இங்கேயே கிடந்து, ஊருக்குப் போய் 144 அச்சுப் படங்கள் போட்டார்கள். ஒவ்வொரு தூணும் தெளிவாக இருக்கும். கட்டடம் வரையப் பழகுகிற நம்ம குடந்தைக்காரருக்கு டேனியல்தான் பாடம், லியர் இல்லை. லியர் படத்தில் மனிதர்களைப் பாருங்கள், எறும்பளவுக்கு இருப்பார்கள், மூஞ்சியே கிடையாது.

---

பழைய அச்சகம்

நேர்ப்பேச்சு ஐயா, தூண் எண்ண வேண்டுமென்றால் டேனியல்தான், அதில் வழக்கே இல்லை. ஆனால் நீங்கள் பெயரை எடுத்ததால் சொல்கிறேன், லியரே டேனியல் படங்களைப் பார்த்து வளர்ந்தவர். காசியில் இறங்கியதும் நாட்குறிப்பில் அதைத்தான் எழுதுகிறார்: டேனியல் படங்களில் வெளிறிச் சாம்பல் பூத்து, சோகமாக இருந்த ஊரை எதிர்பார்த்து வந்தேன், இங்கே பார்த்தால் சத்தமும் நிறமும் நடமாட்டமுமாகக் கண்ணைப் பறிக்கிறது என்று. அந்த வித்தியாசத்தைத்தான் அவர் தாளில் பிடிக்கப் பார்த்தார். மனிதர்களை வரைய வராது என்பது உண்மை. முப்பத்தேழு வயதுக்கு மேல் ராயல் அகாடமிப் பள்ளியில் சேர்ந்து சின்னப் பையன்களோடு உட்கார்ந்து மனித உருவம் பழகினார், அப்புறமும் பெரிதாக வரவில்லை.

வசதியான சுற்றுலா என்பதை ஒத்துக்கொள்ள முடியாது. வரும்போது வயது 61, கனத்த உடம்பு. அதற்கு முந்தின வருடம் கிளம்பி சூயஸ் வரைக்கும் வந்து திரும்பிப் போனவர். வைஸ்ராய் மாளிகை வாழ்க்கை அவருக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை, கல்கத்தாவுக்கு, ஓட்டமும் அமளியுமான ஊர் என்கிற அர்த்தத்தில், ‘ஹசில்ஃபஸ்ஸாபாத்’ என்று பெயர் வைத்துக் கிண்டல் அடித்துவிட்டு டார்ஜிலிங் ஓடினார். அப்போது மலைக்கு ரயில் கிடையாது, 1881இல்தான் வந்தது. நம் குன்னூருக்கு 1899இல்தான். இவர் இரண்டு மலையும் ஏறினார். கஞ்சன்ஜங்காவைப் பார்த்துவிட்டு, ரொம்பத் தூரத்தில், கடவுள் மாதிரி, நம்மோடு ஒட்டாத மலை என்கிற அர்த்தத்தில் எழுதியிருக்கிறார். அந்த மலையைப் பின்னால் மூன்று பேருக்கு எண்ணெயில் வரைந்து கொடுத்தார், நார்த்புரூக்குக்கும் ஒன்று. பதினாலு மாதத்தில் இரண்டாயிரம் சொச்சம் தாள்கள். விருந்துக்கு வந்தவர் செய்கிற வேலையா இது?

---

ஆதிரை

இந்தியாவுக்கு முந்தின பயணங்களையும் யாராவது சொல்லியிருக்கலாம், அதுதான் அவருடைய உச்சம் என்பேன். 1848இல், இன்று கிரேக்கத்தில் இருக்கும் சலோனிகாவிலிருந்து, துறவி மடங்கள் நிறைந்த ஆதோஸ் மலைக்குப் போக நினைத்தார், காலரா வந்து வழியை அடைத்துவிட்டார்கள். சரி என்று மேற்கே திரும்பி, ஒரு மொழிபெயர்ப்பாளரோடு குதிரையில் அல்பேனியாவுக்குள் போய்விட்டார். ஆங்கில ஓவியர்கள் அவ்வளவாகக் கால் வைக்காத பக்கம் அது, துருக்கி ஆட்சி. எல்பசான் ஊரில் உட்கார்ந்து வரைகிறார், நூறு பேர் கூடிவிட்டார்கள், தங்கள் ஊர்க் கட்டடம் தாளில் அடையாளம் தெரிந்ததும் ‘ஷைத்தான்!’ என்று ஒரே கூச்சல். இதை 1851இல் புத்தகமாகப் போட்டபோது பயப்பட்ட கதையாக எழுதவில்லை, சிரித்துக்கொண்டே எழுதினார். அந்தப் புத்தகத்தின் முன்னுரையில் பயணத்துக்கு என்னென்ன எடுத்துப் போக வேண்டும் என்று சொல்கிறார், அரிசி, கறிப்பொடி, மிளகாய்த்தூள்! வேறு எதை விட்டாலும் கொய்னா மாத்திரையை விடாதே என்கிறார். உடுப்பு இரண்டு செட், ஒன்று பாஷாக்கள் என்கிற துருக்கிய அதிகாரிகளையும் கான்சல்களையும் பார்க்கப் போக, ஒன்று புழுதியில் உட்கார.

1858இல், இன்றைய ஜோர்டானில் பாறையைக் குடைந்து உருவாக்கிய பழைய நகரமான பெட்ராவுக்குப் போனபோது சுற்றுவட்டாரத்து ஆட்கள் நூறு பேருக்கு மேல் சூழ்ந்து காசு கேட்டுத் தகராறு, பையிலிருந்த பணம், பேனாக்கத்தி, கைக்குட்டை, அவித்த முட்டை வரை பிடுங்கிக்கொண்டார்கள். ஒரே இரவு தங்கிவிட்டுக் கிளம்ப வேண்டியதாயிற்று. அந்தக் கொஞ்ச நேரத்திலும் வரைந்தார்.

கூட இருந்தவர் ஜார்ஜியோ கொக்காலி. இவரைச் சொல்லாமல் லியர் கதை கிடையாது. கிரேக்கத்துக் கோர்ஃபு தீவில் வாழ்ந்தவர், சூலியோட் என்கிற மலைவாழ் இனக் குடும்பத்துக்காரர், 1856இல் வேலைக்குச் சேர்ந்து 1883இல் சாகும்வரை இருபத்தேழு வருடம் கூடவே இருந்தார். சமையல், மூட்டை, ஒட்டகக்காரரோடு பேரம், எஜமானின் கோபம் எல்லாவற்றையும் தாங்கினவர். பெட்ராவின் சிவப்பும் பழுப்புமான பாறைகளைப் பார்த்து, எல்லாமே சாக்லேட், பன்றிக்கறி, கறிப்பொடி, சால்மன் மீனால் செய்த ஒரு உலகத்துக்கு வந்துவிட்டோம் என்று சொன்னது இவர்தான். நிறத்தை இவ்வளவு சரியாகச் சொல்ல ஓவியராலேயே முடியவில்லை! இந்தியாவுக்கும் இவர் வந்தார். இலங்கையில் இவருக்குக் கடும் வயிற்றுப்போக்கு, பிழைப்பாரா என்கிற நிலை, அதோடுதான் பயணம் முடிவுக்கு வந்தது. அங்கே எஜமான் வேலைக்காரருக்குப் பணிவிடை செய்யும்படி ஆனது. லியர் வலிப்பை ஊருக்கு மறைத்தாலும் ஒரே வீட்டில் இருந்தவரிடம் எப்படி மறைத்திருக்க முடியும் என்று எனக்கு எப்போதும் தோன்றும்.

கடைசிக் காலம் இத்தாலியில் சான் ரெமோ. ஆசையாக ஒரு வீடு கட்டினார், எதிரில் பெரிய ஹோட்டல் எழுந்து வெளிச்சத்தையெல்லாம் கெடுத்துவிட்டது, ஓவியருக்கு வெளிச்சம் போனால் என்ன மிச்சம்? 1881இல் வேறு வீடு கட்டிக் குடிபோனார். ஃபாஸ் என்று வால் அறுந்த பூனை ஒன்று. அது 1887இல் செத்தது, இவர் 1888 ஜனவரி 29. அங்கேயே புதைத்தார்கள். பக்கத்தில் ஜார்ஜியோவுக்கும் ஒரு நினைவுக் கல் இருக்கிறது.

---

குடந்தைக் கிறுக்கன்

அப்பா, இவ்வளவு எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. நேர்ப்பேச்சு அண்ணா சொன்ன டேனியலையும் பார்க்கிறேன். இரண்டு விஷயம் மட்டும். இங்கே வரைந்த தாள்கள் எப்படி அமெரிக்கா போய்ச் சேர்ந்தன? நான் இதைப் பார்த்துப் பழக வேண்டுமென்றால் எங்கே ஆரம்பிப்பது? வானத்தில் அவர் எழுதியிருப்பதைப் படிக்கவே முடியவில்லை.

---

பழைய அச்சகம்

சாகும்போது எல்லாவற்றையும் பிராங்க்ளின் லஷிங்டன் என்கிற நண்பருக்கு எழுதிவைத்தார். அந்தக் குடும்பத்திடமிருந்து 1929இல் லண்டன் ஏலத்துக்கு வந்து கட்டுக் கட்டாக அடிமாட்டு விலைக்குப் போயின, குறிப்புத் தாளை யார் மதித்தார்கள் அன்றைக்கு. அதில் பெரும்பகுதியை பிலிப் ஹோஃபர், ஆஸ்குட் ஃபீல்ட் என்ற இரண்டு அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கி ஹார்வர்டுக்குக் கொடுத்தார்கள். சிதறாமல் இருப்பது அதனால்தான், அவர் நாட்குறிப்புகளும் அங்கேயே.

பழகுவதற்கு: முதலில் நிறத்தை மறந்துவிடுங்கள். ஒரு தாளை எடுத்துக்கொண்டு பென்சில் கோட்டை மட்டும் பாருங்கள், எங்கே அழுத்தியிருக்கிறார், எங்கே விட்டுவிட்டார் என்று. கோபுரத்தின் வெளிவிளிம்பை ஒரே ஓட்டமாகப் போட்டுவிட்டு உள்ளே இருக்கும் நூறு பொம்மைகளைச் சின்னச் சுழிகளாக விட்டுவிடுவார், முன்னால் நிற்கிற பனையை மட்டும் ஓலை ஓலையாக எடுப்பார். நீங்களும் அப்படியே நேரில் போய், கையில் வண்ணப் பெட்டியே இல்லாமல், பென்சிலில் வரைந்து நிறத்தைத் தமிழில் எழுதிக்கொண்டு வாருங்கள். ‘செம்மண்’, ‘ஈரக் கருங்கல்’, ‘காரை வெள்ளை’, எது தோன்றுகிறதோ அது. வீட்டுக்கு வந்து ஒரு வாரம் கழித்து அதைப் படித்து நிறம் பூசுங்கள். எதை எழுதாமல் விட்டோம் என்பது அப்போது தெரியும்.

எழுத்து படிக்கவில்லை என்றால் முதலில் எண்ணையும் தேதியையும் பாருங்கள், அதே நாளின் முன்னும் பின்னும் உள்ள தாள்களில் அதே சொல் திரும்ப வரும், ஒன்றில் இல்லாவிட்டால் இன்னொன்றில் தெளிவாக இருக்கும். தேடும்போது இன்றைய ஊர்ப் பெயரோடு பழைய வெள்ளைக்காரப் பெயரையும் போட்டுத் தேடுங்கள், டாஞ்சூர், ட்ரிச்சினாபொலி, காஞ்சீவரம் என்று.

---

நேர்ப்பேச்சு

பென்சில் யோசனை நன்றாக இருக்கிறது, அதை மட்டும் ஒத்துக்கொள்கிறேன். தூண் விஷயத்தில் என் கட்சி மாறவில்லை.